மீளா ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வந்த சுதந்திரம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கீழ்ப்படிகிறவனுக்கு விடுதலை இல்லை என்கிறார் கட்டுரையாளர். சான்றாக அப்பரின் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்ற அடியைக் காட்டுகிறார். அன்பின் பேரைச் சொல்லி வீட்டுப் பெண்களை அடக்குவதை அவர் கண்டித்தது சரி. ஆனால் அப்பர் எங்கள் பக்கத்துக்காரர். பிறந்தது பண்ருட்டி அருகே திருவாமூர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் அவர் கரை சேர்ந்ததை நினைத்து இங்கே வண்டிப்பாளையத்தில் கரையேறும் விழா எடுக்கிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன், பாட்டை முழுசாகப் போடுங்கள்.

பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது பாடியது அது. ‘பணிவோம் அல்லோம்’ என்ற அதே பாட்டில்தான் ‘கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்’ என்றும் வருகிறது. கோமான் என்றது சிவனை. மீளா ஆள் என்றால் விடுபடவே நினைக்காத அடிமை. மன்னனின் ஆணைக்குப் பின்னால் தண்டனை இருந்தது. இந்த அடிமைத்தனத்துக்குப் பின்னால் அன்பு மட்டும்தான்.

இது எனக்கு வீட்டில்தான் புரிந்தது. 28 வருஷம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தேன். சங்கு ஊதினால் ஓட வேண்டும். மகளுக்குக் காது குத்திய அன்றும் பந்தியில் பாதியில் எழுந்து இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன். என் நேரம் என்று எதுவும் இருந்ததாக நினைவில்லை.

இப்போது ஓய்வு. அம்மாவுக்கு 84 வயது, மறதி நோய். கூடத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் தெரியும், மணி புரியாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை “தம்பி, மணி என்னப்பா?” என்பார். சொல்வேன். அப்புறம் மறுபடியும் கேட்பார். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து உட்கார்ந்து சொல்கிறேன். வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போய் வெகுநாளாகிறது. சங்குக்குப் பணிந்ததைவிட இது அதிகம்தான். ஆனாலும் என் பொழுதை யாரோ பிடுங்கிக்கொண்டதாக இப்போது தோன்றுவதில்லை.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒருநாள் எரிச்சலில் சத்தம் போட்டுவிட்டேன். அம்மா பயந்துபோய் அன்று முழுக்க மணியே கேட்கவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார். பொழுது முழுக்க என் கையில். அன்று எங்கள் வீட்டில் பல்லவ மன்னன் நான்தான். செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் காபியை ஆற்றி நீட்டினேன். டம்ளரை வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மணி என்னப்பா?”

ஏழேகால்மா என்றேன்.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.