வலப்பக்கம் முழுவதும் என் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஆவியுலக மீடியம்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மீடியம்கள் எல்லோரும் எத்தர்கள், அவர்களைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் ஏமாளிகள் என்று கட்டுரையாளர் கணக்கை முடித்துவிட்டார். அந்த ஏமாளிகள் வரிசையில் நின்றவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 1848 மார்ச் 31 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள், ஆவி எழுப்புவது என்று சொன்ன தட்டும் ஓசையில் கட்டுரை தொடங்குகிறது. நாற்பது ஆண்டு கழித்து, 1888 அக்டோபர் 21 அன்று, அவர்களில் ஒருவரான மார்கரெட் மேடையேறிக் கால்விரல் மூட்டைச் சொடுக்கி, ‘ஆவி’ தட்டியது இப்படித்தான் என்று காட்டியதோடு குட்டு உடைந்தது என்று அது முடிகிறது. உடையவில்லை. மறு ஆண்டே, 1889ல், அவர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெறாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்பது என் எண்ணம். தந்திரம் அம்பலமானாலும் இழப்பு இழப்பாகவேதானே இருக்கிறது?

என் மனைவி இறந்து ஏழாம் மாதம் ஒரு மீடியத்திடம் போனேன். சாந்தமான, நடுத்தர வயதுப் பெண்மணி. பேச்சைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தார். நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தேன். மகளைக் கூப்பிட்டு, “அம்மாவின் கண்ணாடியில் சுற்றியிருந்த நூலைக்கூடச் சொல்லிவிட்டார்” என்றேன். உடைந்த கண்ணாடிக் காலைக் கறுப்பு நூலால் இழுத்துக் கட்டி, கடைசி வரை அதையே போட்டுக்கொண்டிருந்தாள் அவள். வெளியாள் ஒருவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

நான் ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தன். பிறர் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதியே சம்பளம் வாங்கியவன். சில வாரம் கழித்து, கை சும்மா இருக்க மாட்டாமல், அந்தப் பதிவைத் தாளில் இறக்கினேன். இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் நான் சொன்னது. பழைய வழக்கம்.

இடப்பக்கம்: “மார்புப் பக்கம் ஒரு பாரம் தெரிகிறது.” வலப்பக்கம்: “மார்பு இல்லை, வயிறு.” இடப்பக்கம்: “ஆமாம், கீழேதான் இறங்குகிறது.” இப்படியே போகிறது. ஆறாம் பக்கத்தில், “ஏதோ பளபளப்பாகக் காட்டுகிறார்கள், உலோகமோ கண்ணாடியோ” என்கிறார். “அவள் மூக்குக் கண்ணாடி! கால் ஒடிந்து நூல் சுற்றியிருந்தாள்” என்கிறேன் நான். சற்றுப் பொறுத்து, “அந்த நூலைக் காட்டிச் சிரிக்கிறார்கள்” என்கிறார் அவர். இந்தக் கடைசி வரி மட்டும்தான் என் நினைவில் தங்கியிருந்தது. பெயர், நோய், நாள், கண்ணாடி என்று தகவலாக எதுவெல்லாம் இருந்ததோ அத்தனையும் வலப்பக்கத்தில், என் குரலில் இருந்தது.

அந்தப் பெண்மணி தெரிந்தே ஏமாற்றினாரா? எனக்கு நிச்சயமில்லை. தம்மிடம் ஏதோ வருகிறது என்று அவரே நம்பியிருக்கலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதன்மேல் கை வைத்தால் ஆவி அதை நகர்த்தும் என்ற மோகம் பரவியிருந்த 1853ல், மைக்கேல் ஃபாரடே ஒரு சோதனை செய்தார். கைகளுக்கும் மேசைக்கும் நடுவே ஓர் அமைப்பை வைத்து, கை தள்ளினால் ஒரு முள் காட்டிக்கொடுக்கும்படி செய்தார். முள் கண்ணில் படாதபோது மேசை நகர்ந்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நின்றுவிட்டது. உட்கார்ந்தவர்கள் நாணயமானவர்கள், தாங்கள்தான் தள்ளுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. எனக்கு அந்த முள், நான் எழுதிய தாள். ஏமாளி என்ற சொல் இங்கே எவ்வளவு தூரம் பொருந்தும் என்று கட்டுரையாளர் யோசிக்கட்டும். 1915ல் மகன் ரேமண்டைப் போரில் பறிகொடுத்து, மீடியம்கள் வழியாக அவனோடு பேசியதாக அடுத்த ஆண்டே ஒரு புத்தகம் எழுதிய ஆலிவர் லாட்ஜ், பெயர் பெற்ற இயற்பியல் அறிஞர்.

பணம் போனது போகட்டும். என் மனத்தாங்கல் வேறு. 1922ல், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலின் மனைவி மீடியமாக உட்கார்ந்து, மாயவித்தைக்காரர் ஹௌடினியின் இறந்துபோன தாய் சொல்வதாகப் பதினைந்து பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ஆங்கிலம் அந்தத் தாய்க்கு அவ்வளவாக வராத மொழி. முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு சிலுவை வேறு. அந்த அம்மாளோ யூத மத குருவின் மனைவி. ஹௌடினிக்கு உறைத்த அதே இடம்தான் எனக்கும். மீடியத்தின் வாயில் என் மனைவி, “அன்பே, நான் ஒளியில் இருக்கிறேன், வருந்தாதீர்கள்” என்றாள். முப்பத்தொரு ஆண்டில் அவள் என்னை ‘அன்பே’ என்று ஒரு தடவை அழைத்ததில்லை. ஒரு குறை சொல்லாமல் பேச்சைத் தொடங்கியதும் இல்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகு பல மாதம், அவளை நினைத்தாலே இந்தத் தேன் தடவிய குரல்தான் வந்தது. அவளுடைய உண்மையான குரலின்மேல் வேறொன்றை எழுதி அழித்துவிட்டார்கள். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

இறந்தவர் குரல் கேட்கிறது என்பவர்களையும் கட்டுரையாளர் இதே மூட்டையில் கட்டிவிட்டார். அது சரியல்ல. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட அனுபவம் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பலர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். சிலர் கண்டும் கேட்டும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் கேட்கிறது. சமையலறை விளக்கை அணைக்காமல் படுத்தால், “விளக்கு” என்று ஒரே ஒரு சொல், எரிச்சலோடு. எழுந்துபோய் அணைத்துவிட்டு வருகிறேன். இதைச் சொன்னால் சிரிக்காமல் கேட்கிறவர் மீடியம் ஒருவர்தான் என்ற நிலையில் ஆட்களை விட்டுவிட்டு, அங்கே ஏன் போனாய் என்று கேட்பது நியாயமா?

1888ஐ ஒட்டி 1889ஐயும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். அந்தக் கண்ணாடி நூல் விஷயத்தை மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் ஒருவர்