காளையின் எண்ணை எழுதிக் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு வீடாக வந்து மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. தொழுவத்தில் மூன்று உருப்படிகள்: தாய், மகள், பேத்தி. பேத்தி என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கணக்குப்படி அது தன் தாய்க்குத் தங்கையும்கூட. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்த மடல்.

2021 ஓணத்துக்கு முந்தின வாரம் தாய்ப்பசுவுக்கு ஊசி போட்டோம். வந்தவர் வேலையை முடித்துவிட்டு, கையுறையையும் பிளாஸ்டிக் உறைக்குழாயையும் பிலா மரத்து மூட்டில் போட்டுவிட்டுப் போனார். மாலையில் முற்றம் பெருக்கும்போது குழாய்க்குள்ளிருந்து உறைவிந்துக் குச்சி, அதாவது காளையின் விந்தை உறையவைத்து அடைத்திருந்த மெல்லிய குழல், நழுவி விழுந்தது. ஈர்க்கில் பருமன், ஒரு சாண்கூட நீளமில்லை. அதன்மேல் எறும்பு வரிசை போலப் பொடி எழுத்து; எந்தக் காளையின் விந்து என்று காட்டும் எண்ணும் அதில்தான். பால் கணக்கு நோட்டில் தேதி போட்டு, பக்கத்திலேயே அந்தக் குச்சியையும் டேப்பால் ஒட்டிவைத்தேன். இருபத்தொரு நாள் கழித்து மாடு மறுபடி பருவத்துக்கு வந்தால் தேதி தெரிய வேண்டுமே என்பதற்காகத்தான். குச்சியை ஏன் ஒட்டினேன் என்று கேட்டால் பதில் இல்லை. பழைய மின் ரசீதைக்கூட எறியாத குடும்பம் எங்களுடையது.

2022 வைகாசியில் கிடாரிக் கன்று பிறந்தது. 2023 கார்த்திகையில் அதுவும் பருவத்துக்கு வந்தது. காலையில் ஓயாத கத்தல், கண்ணாடி போல வழும்பு; சாயங்காலம் ஊசி. அதே ஆள்தான் வந்தார். வழக்கம்போல் குச்சியைப் பொறுக்கிக்கொண்டு நோட்டை விரித்தேன். பழைய குச்சியும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் கண்ணில் பட்டது. மகனின் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். காளை எண்ணில் ஓர் இலக்கம்கூட மாறவில்லை. கிடாரிக்குப் போட்டது அதன் தகப்பனின் விந்து.

மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன். “எண்ணெல்லாம் யார் பார்க்கிறார்கள் அக்கா, பால் கறந்தால் போதாதா?” என்று சிரித்தார். அவர் யார், எங்கிருந்து வருகிறவர் என்று எழுதப்போவதில்லை. கெட்டவர் அல்ல, கொட்டுகிற மழையிலும் கூப்பிட்டால் வந்து நிற்பார். மாட்டுக்குச் சினை பிடிக்காமல் போகட்டும் என்று என் வாழ்நாளில் நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான். முதல் ஊசியிலேயே பிடித்துவிட்டது.

2024 ஆவணியில் கன்று பிறந்தது. எழுந்து நிற்க ஒரு நாள் பிடித்தது. சீம்பாலைக் கறந்து பாட்டிலில் புகட்டினோம். இப்போது நன்றாக மேய்கிறது. அது நோஞ்சானாகப் பிறந்ததற்குத் தகப்பன்தான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். தலையீற்றுக் கன்று சிறுத்துப் பிறப்பது உண்டு. ஆனால் தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில், ஒரே மரபணுப் பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. தலைமுறையாக மறைந்து கிடந்த குறைகள் அந்த வழியாகத்தான் வெளியே வருகின்றன. பால் குறையலாம், சினை பிடிப்பது தள்ளிப்போகலாம், கன்று தங்காமல் போகலாம்.

என் சிறுவயதில் மாட்டைக் காளைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். “இதன் தாய்க்கும் இந்தக் காளைதானே? வேறு இடம் பாருங்கள்” என்று காளைக்காரரே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு காளைக்கு நோய் இருந்தால் ஊரிலுள்ள அத்தனை மாட்டுக்கும் அது பரவும். பெரிய காளையின் பாரம் தாங்காமல் கிடாரிகள் இடுப்பு ஒடிந்ததும் உண்டு. நம் நாட்டில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கிய இந்த ஊசி முறை எங்கள் தொழுவம் வரை வந்ததால்தான் நாங்கள் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறோம். ஆனால் ஊர்க்காளைக்கு வயதாகும், விற்றுவிடுவார்கள். குடுவைக்குள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும் குச்சிக்கு வயதே ஆவதில்லை. ஒரு காளையிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குச்சிகள் எடுக்கிறார்கள். காளை செத்த பிறகும் அது தகப்பனாகிக்கொண்டே இருக்கும். மகள் வளர்ந்து நிற்கும்போது அதே குடுவையில் தகப்பன் காத்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை மாட்டியிருக்கிறீர்கள். ஊசி போட்ட விவரத்தைச் செயலியில் ஏற்றவும் ஏற்பாடு இருக்கிறது. ஆக, எங்கள் கிடாரியின் தகப்பன் யாரென்று டில்லிக்குத் தெரியும். கழுநீர் வைக்கிற எனக்குத்தான் தெரியாது. ஒரு சிறிய அட்டை கொடுங்கள். தேதி, இனம், காளை எண், இந்த மூன்று வரி போதும். அட்டைக்குப் பணம் இல்லையென்றால் குச்சியை எறியாமல் எங்கள் கையில் தாருங்கள், நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம். இளக்குவதற்காக 37 டிகிரி வெந்நீரில் போட்ட குச்சியைத் திரும்பக் குடுவைக்குள் வைக்க முடியாது என்பதால், எண்ணைப் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால். (வெந்நீர் நாங்கள் தருகிறோம். சிலர் சட்டைப் பையில் வைத்து இளக்குவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.) அதிகாரிகளே, ஒரு பகுதிக்கு அனுப்பும் காளைகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். கிடாரி வளர்ந்து பருவத்துக்கு வரும் காலக் கணக்கு அதுதான்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. காலையில் பருவம் தெரிந்தால் அன்று சாயங்காலமே ஊசி போட வேண்டும்; நாங்கள் மறுநாள் மத்தியானம் கூப்பிடுகிறோம். வந்தவரிடம் “பெண் கன்று பிறக்குமா?” என்று மட்டும் கேட்டு அனுப்புகிறோம். சந்தையில் வாங்கிய மாட்டுக்குப் பூர்வீகமே தெரியாது. அதற்கு இன்றைய ஊசியிலிருந்து எழுதத் தொடங்கினால் போதும்.

பேத்தி 2026 மாசி வாக்கில் பருவத்துக்கு வரும். நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் விட்டு, தலைப்பில் அந்தக் காளை எண்ணைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நோட்டு தொழுவத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. குடுவையைத் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்தில் மாடு வளர்க்கும் ஒருத்தி