இவளுக்கு இடக்கைதான் சோத்துக்கை

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி இரண்டு தடவை கேட்டேன். போனில் பேசினால் பாதி குக்கர் விசிலிலும் மீதி என் மாமியார் குறுக்கே பேசுவதிலும் போய்விடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் தம்பி பையன் விஷயம். ஒன்பது மாதக் குழந்தை எதைக் கொடுத்தாலும் இடக்கையை மட்டும் நீட்டுகிறான், வலக்கை கட்டை விரலை உள்ளே வைத்து மூடியே இருக்கிறது என்கிறாய். இடக்கைப் பழக்கம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஒரு வயதுக்குள் பிள்ளைகள் பொதுவாக இந்தக் கை அந்தக் கை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு கையையே உபயோகித்தால் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும். என் மகளும் இப்படித்தான் இருந்தாள், நாங்கள் எங்கள் மாமனாரும் இடக்கைக்காரர்தானே என்று சொல்லிச் சொல்லியே ஐந்து மாதத்தை வீணாக்கினோம். பிறக்கிற சமயத்தை ஒட்டி மூளையின் இடப்பக்கம் ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறது, அதனால் வலப்பக்கக் கையும் காலும் பலவீனம் என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னபோது, பக்கவாதம் தாத்தாக்களுக்குத்தானே வரும் என்று கேட்டேன். அப்புறம் கர்ப்பத்தில் என்ன தின்றேன், எங்கே தடுக்கினேன் என்று எத்தனையோ ராத்திரி கணக்குப் பார்த்தேன். இதில் பெரும்பாலும் காரணமே தெரிவதில்லையாம். உன் தம்பி மனைவியிடம் இதை மட்டுமாவது இன்றைக்கே சொல்லிவிடு.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இவள் இடக்கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "ஏட்டி, பீச்சாங்கையால சோறு திங்கலாமா" என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவளே, "எனக்கு இதுதான் பாட்டி சோத்துக்கை" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

நம் ஊரில் வலப்பக்கம் பலவீனமான பிள்ளைக்கு இது தனிச் சங்கடம். கடைக்காரருக்குக் காசு கொடுப்பது, கோயிலில் விபூதி வாங்குவது, எல்லாவற்றுக்கும் ஒரு முறைப்பு. சாப்பிடுவதும் கழுவுவதும் ஒரே கை என்றால் அந்தக் கையை எப்படிச் சுத்தம் செய்வது? கட்டி சோப்பு வழுக்கி ஓடும். அழுத்துகிற சோப்பு பாட்டிலை வாஷ்பேசின் மேல் நிறுத்தி, வலது மணிக்கட்டால் அழுத்தச் சொன்னோம். நுரை விழுந்த இடக்கையை அந்த மூடிய வலக்கை மேலேயே தேய்த்துக் கழுவுவாள். கக்கூஸில் தண்ணீர் மக்கைத் தூக்கித் தடுமாறாமல், பிடித்து அழுத்தினால் தண்ணீர் வருகிற குழாய் போட்டோம். எழுநூறு ரூபாய்தான், ஆனால் என்னைக் கூப்பிடாமல் அவள் போய்வந்த முதல் நாள் எனக்குத் தீபாவளி.

இங்கே பக்கத்தில், ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருப்பது எங்கள் பாக்கியம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் ஆரம்பித்தது. மினி பஸ் பிடித்து வருடக்கணக்கில் போனோம். ஐந்து வயதில் மூன்று வாரம், தினமும் இரண்டு மணி நேரம், நல்ல கைக்கு உறை மாட்டி பலவீனமான கையாலேயே விளையாட வைத்தார்கள். முதல் நான்கு நாள் நான்தான் அவளுக்கு எதிரி. அந்தக் கை அதனால் கொஞ்சம் திறந்தது, ஆனால் மற்ற கை மாதிரி ஆகிவிடவில்லை. ஆகும் என்று காத்திருந்ததுதான் நான் செய்த தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அதுவரை எல்லாவற்றையும் நானே செய்து கொடுத்தேன், கை சரியானதும் செய்யட்டும் என்று. அங்கே தெரபி அக்காதான் திட்டினார். ஒரு கை செய்யட்டும், இன்னொன்று பிடித்துக்கொள்ளட்டும், அதுவும் வேலைதானே என்றார். அன்றிலிருந்து வலக்கை எங்கள் வீட்டில் பேப்பர் வெயிட். ஸ்கேல் மேல் முஷ்டியை வைத்து அழுத்திக் கோடு போடுவாள். பிஸ்கட் பாக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிழிப்பாள். நோட்டு நகராமல் இருக்கப் பரீட்சை அட்டை, தட்டுக்கு அடியில் ஈரத்துணி.

சட்டை போடும்போது பலவீனமான கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். இந்த ஒரு வரியை எனக்கு யாராவது மூன்று வருடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் எத்தனை காலைச் சண்டை மிச்சமாகியிருக்கும்! ஷூ இன்னொரு கூத்து. வலது காலுக்குப் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்ப்ளிண்ட் இருப்பதால் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும், கடைக்காரர் ஜோடி பிரித்துத் தரமாட்டார், இரண்டு ஜோடி வாங்கி இரண்டு ஒற்றையைப் பரணில் போடுகிறோம். இரட்டைச் சடையும் கட்டாயம் என்றது பள்ளிக்கூடம். ஒரு கையால் சடை பின்ன முடியாது, தினமும் நான் பின்னிவிட அவளுக்கு இஷ்டமில்லை, கத்தரித்துவிட்டோம். என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை.

இன்னொரு விஷயம், இது யாரும் சொல்வதில்லை. பலம் மட்டும் இல்லை, அந்தக் கையில் உணர்ச்சியும் குறைவு. பையில் கைவிட்டால் சாவியா காசா என்று பார்க்காமல் தெரியாது. தோசைக்கல்லில் ஒருநாள் விரல் பட்டு, தோல் வெந்த பிறகுதான் கவனித்தாள். அன்றைக்கு நான் அடுப்பங்கரையைப் பூட்டிவிடலாமா என்று நினைத்தேன். ஒரு வாரம் விடவேயில்லை. அப்புறம் அவள் அப்பாதான், சூடானது எல்லாவற்றையும் இடது பக்கம் வைக்கலாம் என்றார். இப்போது அப்படித்தான் வைக்கிறோம்.

உன் தம்பிக்கு: அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், அங்கே போகச் சொல். இப்படி மூளைப் பாதிப்பால் கை கால் பலவீனமாவதைத்தான் பெருமூளை வாதம் என்கிறார்கள், அது உறுதியானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கச் சொல். வேண்டாம், பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகும் என்று நானும் நினைத்தேன். அந்த அட்டையை வைத்து மத்திய அரசின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் வரை தெரபிக்கும் சேர்த்துத்தான் கிடைக்கிறது, அதை விட்டது என் வீம்பு. வலிப்பு வந்தால் பதறாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து டாக்டரிடம் ஓட வேண்டும். இந்த மாதிரிப் பிள்ளைகள் பலருக்கு வரும், எல்லோருக்கும் இல்லை.

சரி, சாரல் ஆரம்பித்துவிட்டது, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது, நீ வருகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்கிறாய். வந்தால் அவள் டீ போட்டுத் தருவாள். டம்ளரில் பாதிதான் இருக்கும், நடக்கும்போது தளும்பாமல் இருக்க அவள் கண்டுபிடித்த அளவு அது. மீதிப் பாதியைக் கேள், இன்னொரு நடை நடந்து கொண்டுவருவாள். எழுந்து போய் வாங்கிக்கொள்ளாதே, கோபம் வரும்.

உன்,
சுதா