ஏசாவைச் சந்திக்கப் போன யாக்கோபு

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வருஷமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பைபிளின் ஆதியாகமத்தில் வரும் கதை இது: தன்னைக் கொல்வேன் என்று முன்பு சொல்லியிருந்த அண்ணன் ஏசா 400 ஆட்களோடு வருகிறான் என்றதும் யாக்கோபு கூட இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தான், ஜெபித்தான், அப்புறம் காணிக்கை அனுப்பினான். வெள்ளாடு மட்டுமே 220. மந்தைக்கும் மந்தைக்கும் இடம் விட்டு ஓட்டச் சொன்னான். பார்க்கிறவனுக்குக் கண் நிறைய வேண்டும் அல்லவா. காணிக்கை, ஜெபம், போர் மூன்றுக்கும் அவன் தயாரானான் என்கிறார் 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி. யாக்கோபு பயந்து கலங்கினான் என்ற வசனத்துக்கு அவரே தரும் விளக்கம் இது: யாக்கோபு பயந்தது, தான் கொல்லப்படுவோமோ என்று; கலங்கியது, தான் பிறரைக் கொல்ல நேருமோ என்று. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. போர்ச் செய்திகளில் அந்தக் கலக்கத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை