மீன்பிடிக் கிராமமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஒரு வரி: "1819ல் ராஃபிள்ஸ் வந்து இறங்கும்வரை சிங்கப்பூர் வெறும் மீன்பிடிக் கிராமமாகவே இருந்தது." எழுதியவர் பெயர் போடவில்லை, அவர் அதிர்ஷ்டம். பத்து வயதுப் பிள்ளை இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும், முழு மதிப்பெண்ணும் வாங்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

1819 ஜனவரியில், ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் வந்தபோது, ஆற்று முகத்தில் இருந்த தெமெங்கோங்கின் (மலாய்த் தலைவரின்) ஊர் சிறியதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'இறங்கும்வரை' என்ற சொல் எத்தனை நூற்றாண்டை விழுங்குகிறது என்று பார்த்தீர்களா? 1613ல் போர்ச்சுகீசியர் அந்த ஆற்று முகத்தில் இருந்த குடியிருப்பை எரித்தார்கள். அதற்குப் பிறகு இருநூறு வருஷம் ஊர் படுத்துக் கிடந்தது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே ஒருநாளும் அடுப்பு எரிந்ததில்லை என்று சொல்வது போலிருக்கிறது உங்கள் வரி.

அடுப்பு எரிந்தது மட்டுமல்ல, அதில் எந்தப் பாத்திரம் ஏறியது என்பதும் தெரியும். சீன வணிகர் வாங் தாயுவான் 1349ல் எழுதி வைத்த குறிப்பில் இந்தத் தீவு இரண்டு இடமாக வருகிறது. ஒன்று இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றை ஒட்டிய ஊர். மற்றொன்று கெப்பல் துறைமுகப் பக்கம், 'நாகப்பல் வாயில்' என்று சீனர்கள் பெயரிட்ட நீரிணை. குன்றடி மக்கள் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள், அரிசியைப் புளிக்க வைத்து மது வடித்தார்கள் என்கிறார். உப்பை ஏன் காய்ச்ச வேண்டும்? வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊரில் பாத்தி கட்டி வெயிலில் விட்டால் உப்பு உறையாது, பிற்பகல் மழை கரைத்துவிடும். விறகு வெட்டி, பாத்திரத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். அவர் தரும் இறக்குமதிப் பட்டியலில் இரும்புத் துண்டும் இரும்புச் சட்டியும் இருப்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். நீரிணைப் பக்கத்து நிலம் வறண்டது, நெல் சொற்பம் என்றும் அவரே சொல்கிறார். அப்படியென்றால் அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வந்திருக்க வேண்டும். சோற்றுக்குப் போக மது வடிக்கவும் அரிசி வாங்குகிற மீன்பிடிக் கிராமத்தை ஆசிரியர் எங்காவது பார்த்ததுண்டா?

பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? வெள்ளீயம், லாக்கா மரம், இருவாச்சிப் பறவையின் கொண்டை. எல்லா இருவாச்சியும் இதற்கு ஆகாது. மற்றவற்றின் கொண்டை உள்ளே பொள்ளல். ஒரே ஓர் இனத்துக்குத்தான் தந்தம் போலக் கெட்டி, சீனத்தில் செதுக்கு வேலைக்கு அதைத்தான் கேட்டார்கள். லாக்காவும் அப்படியே. அது ஒரு கொடி. வெளித்தண்டு உதவாது, உள்ளே சிவந்த வைரம்தான் ஊதுபத்திக்கு மணக்கும். நீரிணைச் சரக்கை 'மட்ட ரகம்' என்று வாங் தாயுவான் எழுதுகிறார். சரக்கைத் தரம் பிரிக்கத் தெரிந்த சந்தை இது. வாங்குகிறவனும் விற்கிறவனும் பேரம் பேசிய இடம்.

கடற்கொள்ளையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. மேற்கே போகும் கப்பலை விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது கரிமுன் தீவருகே கப்பலில் உள்ளவர்கள் அம்புக்குத் தடுப்புத் திரை கட்டிக்கொள்வார்கள்; இருநூறு முந்நூறு படகு வந்து சூழும். காற்று துணை நின்றால் தப்பலாம். இதை வைத்துத்தானே சென்ற ஆண்டு உங்கள் பக்கம் ஓராங் லாவுட் மக்களை ஒட்டுமொத்தமாகக் 'கடற்கொள்ளையர்' என்று மொழிபெயர்த்தது? அந்தச் சொல்லுக்குப் பொருள் 'கடல் மக்கள்'. நீரோட்டமும் பாறையும் தெரிந்து கப்பலுக்கு வழி காட்டியவர்கள், மலாய் அரசர்களுக்குக் கடற்படையாக நின்றவர்கள் அவர்களே. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் மேசையில் அதற்கு இடம் இல்லாமல் போனது குறித்து எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்று. ராஜேந்திர சோழன்தான் இந்த ஊரை நிறுவினான் என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு கட்டுரை போடுகிறீர்கள். கைதட்டல் கிடைக்கும், தெரியும். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் எல்லாம் வரிசையாக உண்டு. தெமாசெக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) இல்லை. சீனத்தின் சோங் அரச மரபுக் காலத்து நாணயம் இங்கே கிடைத்ததே என்பார்கள். அந்தச் செப்புக் காசுகள் அடித்து இருநூறு முந்நூறு ஆண்டு கழிந்தும் புழங்கின. காசில் பொறித்த ஆண்டை மண்ணடுக்கின் ஆண்டாக எடுப்பது அகழாய்வு வேலையில் கற்றுக்குட்டி செய்கிற முதல் தவறு. தமிழுக்கு உண்மையான உறவு வேண்டுமென்றால் மலாய் வரலாற்று ஏட்டில் இருக்கிறது: கலிங்க நாட்டு அரசன் தன் மல்லனை ஏழு கப்பல் பந்தயத்தோடு சிங்கப்பூருக்கு அனுப்பினான், உள்ளூர் மல்லன் படாங் அவனைத் தோற்கடித்தான். கதைதான். ஆனால் நாம் தோற்ற கதை என்பதாலோ என்னவோ, உங்கள் பக்கத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

1984 ஜனவரியில் ஃபோர்ட் கேனிங்கில் முதல் அகழாய்வு தொடங்கியதிலிருந்து தோண்டிய இடங்கள் பல. நாடாளுமன்றக் கட்டடப் பகுதி, எம்பிரஸ் பிளேஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் என்று ஆற்றங்கரையெங்கும் 14ஆம் நூற்றாண்டு மண் கிடக்கிறது. சல்லடையில் நிற்கும் ஓடுகளை மூன்றாகப் பிரிப்போம்: மண்பாண்டம், கனத்த சாடி ஓடு, பீங்கான். மண்பாண்டத்தை ஊற வைக்கக் கூடாது, குறைந்த சூட்டில் சுட்டது, கரையும். மென்தூரிகையால் தட்டி நிழலில் உலர்த்த வேண்டும். அழுத்தித் தேய்த்தால் குயவர் பலகையால் தட்டிய வரிவடு போய்விடும், பிறகு அது வெறும் மண்கட்டி. நீங்கள் 'மிங் காலத்துக் கிண்ணம்' என்று படத்தின் கீழ் போட்டீர்களே, அந்தப் பாசிப்பச்சைத் தடித்த மெருகும், அடியில் மெருகு படாத இடத்தில் செங்காவி நிறமும், மிங்குக்கு முந்தைய யுவான் அரச மரபுக் காலத்து, சீனத்து லொங்சுவான் சூளையின் முகவரி. மிங் அரசு 1371ல் தனியார் கடல் வணிகத்துக்கே தடை போட்டது; பிறகு மிங் கிண்ணம் இங்கே எளிதில் வருமா? சிங்கப்பூருக்குக் கிழக்கே பெட்ரா பிராங்கா தீவருகே கண்டெடுத்த 14ஆம் நூற்றாண்டுக் கப்பலில் மட்டும் சுமார் மூன்றரை டன் பீங்கானும் சாடி ஓடும். மீன் வறுக்கவா இத்தனை தட்டு?

ராஃபிள்ஸ் வந்து மூன்று ஆண்டுக்குப் பின், 1822ல், ஆங்கிலேய அதிகாரி கிராஃபர்ட் இங்கே பழைய மண்மதிலை நடந்து பார்த்து எழுதினார்: அடியில் 16 அடி அகலம், 8 அல்லது 9 அடி உயரம், கடற்கரையிலிருந்து குன்றடி வரை ஏறக்குறைய ஒரு மைல். வாங் தாயுவான் சொல்லும் சயாமியர் முற்றுகை, 70 கப்பலோடு ஒரு மாதம் நின்றது, இப்படி வாயிலை அடைத்துக்கொண்ட ஊரின் முன்தான். ஆற்று முகத்தில் 50 வரி பொறித்த கல் ஒன்றும் இருந்தது. 1843ல் ஆங்கிலேயர் அதற்கு வெடி வைத்தார்கள். நீரிணை வாயிலில் நின்ற நாகப்பல் பாறைக்கு 1848ல் வெடி வைத்தார்கள். சாட்சிகளை வெடி வைத்துவிட்டு, ஒன்றுமே இருந்ததில்லை என்று எழுத அவர்களுக்காவது காரணம் இருந்தது. உங்களுக்கு?

கேட்பது இதுதான். அடுத்த ஞாயிறு, அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு வரித் திருத்தம்: '14ஆம் நூற்றாண்டில் இது ஒரு துறைமுக நகரம்.' உள்பக்க மூலையில், ராசிபலனுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓடு பொறுக்கும் ஒரு வாசகர்,
சிங்கப்பூர்

பி.கு.: படத்தின் கீழ் 'மிங்' என்பதை 'யுவான்' என்று மாற்ற, உங்கள் இணையப் பதிப்பில் இரண்டு நிமிடம் போதும்.