பாட்டியின் பெயரைச் சொல்லச் சொல்

அட்டன்
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. உன் மகள் ஜனவரியிலிருந்து ஆறு மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வருகை ஆய்வு மாணவியாக இருக்கப் போகிறாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் நம் தோட்டத்து ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்ததில் உன் வீடு அந்தப் பக்கம் போனது, என் வீடு இந்தப் பக்கம் நின்றது. 1978இல் நீங்கள் கப்பலேறத் தலைமன்னாருக்குக் கோச்சி ரயில் ஏறிய அன்று, இடம் இல்லாமல் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பெட்டியின் பச்சை நிறம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதே அட்டன் ஸ்டேஷனில் உன் மகளை இறக்கிக் கூட்டி வரப் போகிறேன் என்பதை இன்னும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

என்னென்ன கொண்டு வர வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் எண்ண வேண்டாம். படிப்புக்கு வதிவிட விசா வேண்டும். பல்கலைக்கழகத்தின் கடிதம் இல்லாமல் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் எதுவும் நகராது. புறப்படுவதற்கு முன்பே அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும். அதைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கேட்டு வாங்கட்டும். பொலிஸில் ஒன்று, தோட்ட ஆபீஸில் ஒன்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒன்று என்று மூன்றுக்கும் வேலை இருக்கும்.

கொழும்பிலிருந்து கண்டி பஸ்ஸில் வந்தால் கண்டி வரை போக வேண்டாம். பேராதனை அதற்கு ஆறு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். கலஹா சந்தியில் இறங்கினால் வளாகம் பக்கம்தான். இறங்க வேண்டும் என்பதற்குச் சிங்களத்தில் ‘பஹினவா’ என்று சொன்னால் போதும். இப்படிப் பத்துப் பதினைந்து சொற்களை நீங்கள் இருக்கிற கூடலூரிலேயே பழகிக்கொண்டு வரட்டும். வளாகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். ஆனால் கடை, பஸ், போர்டிங் வீட்டுக்கார அம்மா எல்லாம் சிங்களம். ஒரு வார்த்தை அவர்கள் மொழியில் சொன்னால் அவர்களும் ஒரு அடி முன்னால் வருவார்கள். நாற்பது வருடமாக நான் கண்டது அது.

போயா நாட்களைக் குறித்துக்கொள்ளச் சொல். ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. நூலகத்தை நம்பிப் போனால் பூட்டிய கதவுதான். ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்கு நாடே ஊர் போய்விடும், ஒரு வாரம் வேலை நடக்காது. பணிப்புறக்கணிப்பு வந்தாலும் வளாகம் அப்படியே நின்றுவிடும். ஆறு மாதத்தை ஐந்து மாதமாகக் கணக்கிட்டு வேலையைத் திட்டமிடுவதே நல்லது.

பேராதனை 500 மீட்டர் உயரம்தான், கம்பளி தேவைப்படாது. அட்டன் 1,200 மீட்டருக்கு மேலே. ஜனவரியில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். தேயிலைக்குள் இறங்கும்போது கணுக்கால் வரை சவர்க்காரம் பூசிக்கொண்டால் அட்டை ஏறாது. அட்டையை விட எனக்குப் பயம் குளவிதான். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன செய்தி இங்கே ஓயாது வருகிறது. மலையில் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு நடக்கக் கூடாது, கூட்டைக் கண்டால் கையை வீசாமல் சத்தமில்லாமல் விலகிவிட வேண்டும். இதை நீயே இரண்டு தடவை சொல்லி அனுப்பு. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். மண்சரிவு என்றால் கோச்சியும் நிற்கும், ரோட்டும் நிற்கும். அட்டன் பக்கத்து வேலையை அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். அவள் ஆய்வு தேயிலைத் தோட்டப் பாடல்கள் பற்றியது என்று எழுதியிருந்தாய். தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்தவர்கள் கொழுந்து எடுக்கிற பெண்கள். அவர்களுடைய பொழுது அவர்கள் கையில் இல்லை.

போன வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். என் தங்கையின் மருமகளை மலையிலேயே நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சைப் பதிவு செய்தான். வந்த விருந்தாளியை எப்படிப் போகச் சொல்வது என்று அவளும் நின்று பேசினாள். மாலையில் கொழுந்தைத் தராசில் நிறுத்தபோது மூன்று கிலோ குறைந்தது. எங்கள் தோட்டத்தில் இருபது கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். அன்று அவளுக்கு அரைப் பேர் போட்டார்கள். தராசுக்குப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு இது இன்று வரை தெரியாது.

அதனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டு நேரத்திலும் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் உன் மகள் யாரையும் மறிக்கக் கூடாது. ஞாயிறு பகல், இல்லாவிட்டால் போயா நாள் போகட்டும். அப்போதும் அவர்கள் துணி துவைத்துக்கொண்டும் விறகு பிளந்துகொண்டும்தான் இருப்பார்கள். கூட உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே கேட்டால், கேட்காத பாட்டும் வரும். மாசி பங்குனியில் காமன் கூத்து நடக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும், காமன் எரிகிற வரைக்கும்.

தோட்டத்துக்குள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது என்பதையும் சொல்லிவை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயம் இருக்கிற நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, குடியிருக்கிறவர்களுக்குச் சொந்தம் அல்ல. தோட்ட மேலாளரான துரையின் ஆபீஸில் கடிதத்தைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், தொழிற்சங்கக் கமிட்டித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு நான் கூட வருகிறேன். ஆனால் ஆபீஸ் கடிதத்தோடு மட்டும் லயத்துக்குப் போனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மேலிடத்து ஆளுக்குச் சொல்கிற பதில்களைத்தான் சொல்வார்கள். உன் அம்மாவின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய பேத்தி என்று சொல்லச் சொல். அவளைத் தெரிந்த இரண்டு கிழவிகள் மேல் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போவார்கள்.

எழுதும்போது எங்களை ‘இந்தியத் தமிழர்’ என்று எழுத வேண்டாம் என்றும் சொல். பழைய பதிவேடுகளில் அப்படித்தான் இருக்கிறது, அவளுக்கு அது பழகிய சொல்லாகத் தோன்றலாம். உங்களைக் கூடலூரில் ‘சிலோன்காரர்’ என்று கூப்பிட்டபோது உனக்கு எப்படி இருந்தது என்று முன்பு எழுதியிருந்தாயே, அதை அவளுக்கு வாசித்துக் காட்டு. நாங்கள் மலையகத் தமிழர். கொழுந்தோடும் லயத்தோடும் 200 வருடம் கடந்துவிட்டோம்.

பரிசுப் பொருள் எதுவும் வாங்கி அனுப்பாதே. அவள் எடுக்கிற படங்களைக் கண்டியில் அச்சடித்து அடுத்த முறை வரும்போது அவரவர் கையில் கொடுத்தால் போதும். எத்தனையோ பேர் வந்து எடுத்துப் போனார்கள், தன் படத்தைத் தான் பார்த்தவர்கள் எங்கள் லயத்தில் மிகக் குறைவு. உன் அம்மாவின் படம் ஒன்றும் மறக்காமல் அவளிடம் கொடுத்தனுப்பு. அந்தக் கிழவிகள் உன் அம்மாவின் முகத்தை மறந்துகொண்டு வருகிறோம் என்று என்னிடம் சொன்னார்கள்.

நீங்கள் புறப்பட்ட அன்று, கோச்சியில் ஏற்ற முடியாது என்று உன் அம்மா அம்மியை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். குழவியின் ஒரு முனை தேய்ந்துவிட்டது, இன்றும் அதில்தான் சம்பல் அரைக்கிறோம். உன் மகளுக்கு அரைக்கத் தெரியுமா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்.

வருகிற தேதியும் விமான நேரமும் தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்