மூன்றாவது கோப்பை

ஜிம்மா, எத்தியோப்பியா

அன்புள்ள பாப்பா,

பெங்களூரில் முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து இந்த நாட்டில் விளையும் யிர்கசெஃபே காபி குடித்தாய் என்றும், எலுமிச்சை பிழிந்ததுபோல் புளித்தது என்றும் எழுதியிருந்தாய். "அப்பா, இதைத்தான் தினமும் குடிக்கிறீர்களா?" என்ற கேள்வி வேறு. எங்கே குடிக்கிறேன்! ஏற்றுமதித் தரக் கொட்டையை உள்ளூரில் விற்கக்கூடாது என்பது இந்த நாட்டில் நெடுநாள் இருந்துவந்த விதி. டாலர் வேண்டுமே. ஏற்றுமதி வருமானத்தில் கால் பங்குக்குக் குறையாமல், சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட, காபியில்தான் வருகிறது. கடற்கரையே இல்லாத நாடு; பக்கத்து நாடான ஜிபூத்தியின் துறைமுகம் வழியாக வந்து சேரும் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் அந்தக் காசுதான் கை கொடுக்கிறது.

நீ கொடுத்த முந்நூற்றைம்பதில் விளைவித்தவருக்குப் போனது சில்லறைதான். பெரும்பாலும் ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலம், மர நிழலில் கொஞ்சம் செடிகள். விலையை முடிவு செய்வதோ நியூயார்க் சந்தை. கிழக்கே ஹரார் பக்கம் காபி கட்டுப்படியாகாமல் பலர் செடியைப் பிடுங்கிவிட்டு, சாட் என்ற போதை தரும் இலைப் பயிருக்கு மாறிவிட்டார்கள். யிர்கசெஃபே, சிடாமோ, ஹரார் என்ற ஊர்ப் பெயர்களை அமெரிக்காவில் வணிக முத்திரையாகப் பதிய 2005-இல் இந்த அரசு விண்ணப்பித்தபோது, ஸ்டார்பக்ஸ் என்ற அமெரிக்கக் காபி நிறுவனத்தோடு பெரிய சச்சரவு நடந்தது. 2007-இல்தான் உடன்பாடு வந்தது. தன் ஊர்ப் பெயருக்கே போராட வேண்டியிருந்தது, பார்.

போகட்டும், நாங்கள் குடிப்பதைச் சொல்கிறேன். உன் பாட்டி பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்குவதைவிடப் பெரிய காபிச் சடங்கு உலகில் கிடையாது என்று கும்பகோணத்துக்காரனான நான் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் அந்த நம்பிக்கையை முதல் வாரத்திலேயே உடைத்துவிட்டார். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, தணலில் சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கழுவி நம் கண்ணெதிரே வறுப்பார். வறுத்த சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவருவார். புகையைக் கையால் அள்ளி முகர வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்குடுவையில் கொதிக்க வைப்பார். பிடியில்லாத சிறு கோப்பை, கொறிக்கச் சோளப்பொரி. பால் கிடையாது. சர்க்கரை உண்டு, சில கிராமங்களில் உப்பு. முதல் தடவை உப்புக் காபி வந்தபோது, பாவம், டப்பாவை மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று எண்ணி வாய் திறக்காமல் குடித்து முடித்தேன். மரியாதைக்காரன் என்று மறுபடியும் நிரப்பினார்கள்!

ஒரே தூளில் மூன்று முறை நீரூற்றிக் காய்ச்சுகிறார்கள். அபோல், தோனா, பரக்கா. மூன்றாவது நம் ஊர் இரண்டாம் டிகாக்‌ஷனைவிட நீர்த்திருக்கும். ஆனால் பரக்கா என்றால் ஆசி. அதைக் குடிக்காமல் எழுந்தால் மனம் நோவார்கள். சண்டை, சம்பந்தம், சீட்டுப் பணம், பிள்ளையின் பரீட்சை எல்லாம் அந்த மூன்றாவது கோப்பையில்தான் பேசித் தீர்கின்றன.

விளைவதில் ஏறத்தாழப் பாதியை இவர்களே குடித்துவிடுகிறார்கள். "ஆளுக்கு ஒரு கோப்பை குறைத்தால் எவ்வளவு டாலர் தெரியுமா?" என்று எங்கள் பொருளாதார ஆசிரியர் அடிக்கடி கணக்குப் போடுவார். போட்டுவிட்டு அடுத்த கோப்பைக்குக் கையை நீட்டுவார். காபிதான் எங்கள் ரொட்டி என்று இங்கே ஒரு பழமொழி. அவரால் அதை மீற முடியவில்லை. எனக்கும் அவர் கணக்கைவிட நீட்டிய கைதான் பிடித்திருக்கிறது.

ஜூலையில் வரும்போது ஜெபெனா ஒன்று கொண்டுவருகிறேன். அம்மாவின் பழைய புடவையில் சுற்றினால் உடையாது. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்று போன தடவை சொன்னாயே, நான் வருவதற்குள் அவர்கள் பெயரைக் கேட்டு வை. மூன்று கோப்பையையும் நாம் இருவர் மட்டும் குடித்துத் தீர்க்க முடியாது.

அன்புடன்,
அப்பா